சதுரப் பல்லுக்கு அரம் போட்டது

திருநின்றவூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், போன மழைக்கு ஒரு தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்தது. குடியிருப்போர் சங்கத்தார் கூட்டம் போட்டு, டீ குடித்து, சங்கிலி ரம்பம் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தார்கள். ரம்பம் வந்தது. மரத்தில் பாதி வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது. செயலாளர் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க இந்த லைன்ல இருந்தவராமே? பல்லுக்கு உருண்டை அரம் போடணுமா, சதுரமா அராவணுமா? கம்ப்யூட்டர்ல பார்த்தேன். ரெண்டு கோஷ்டி இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் கண்டபடி திட்டிக்கிறாங்க."

எனக்கு உள்ளூர ஒரு குதூகலம். நாமத்தின் அடி வளைவாக இருக்க வேண்டுமா, பாதம் வைத்து இறங்க வேண்டுமா என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட குடும்பத்தில் பிறந்தவன் நான். வளைவா மூலையா என்ற கேள்வி எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. ஆனாலும் அவரிடம், "முதல்ல மரத்தைக் கழுவுங்க" என்று மட்டும் சொன்னேன். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கட்டத்துக்குமேல் இப்படித்தான் ஆகும் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பதில் எங்கே பிறந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவள்ளூர். பெரியப்பா சந்நிதியில், அப்பா மடப்பள்ளியில், சித்தப்பா பாராயணத்தில் என்று குடும்பமே பெருமாளைச் சுற்றிப் பிழைத்தது. எனக்குப் பாராயணம் ஏறவில்லை. மடப்பள்ளிப் புளியோதரை மட்டும் தாராளமாக ஏறியது. கதைப் புத்தகமாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்த என்னை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பில் சேர்த்தார்கள். அங்கே ஓர் இரும்புக் கட்டியைக் கையில் கொடுத்து, எல்லா முகமும் சதுரமாகும்வரை அராவச் சொல்வார்கள். ஒரு முகத்தைச் சரிசெய்தால் பக்கத்து முகம் கோணிக்கொள்ளும். அதைச் சமாதானப்படுத்தினால் முதலாவது கோபித்துக்கொள்ளும். என் கட்டி தேய்ந்து தேய்ந்து தாயக்கட்டை அளவுக்கு வந்ததும் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. இரும்பு உருக்குகிறவர்களும் ரசாயனம் காய்ச்சுகிறவர்களும் ஒவ்வொருவராக வந்து ஷெட் போட, அவர்களுடைய இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்து கொடுக்க ஒரு மரவாடி முளைத்தது. அதில் எனக்கு வேலை. காலையில் திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, தயிர்சாதம் புளிப்பதற்கும் நான் போய்ச் சேர்வதற்கும் சரியாக இருக்கும். ரம்பங்களுக்கு அரம் போடுவதுதான் வேலை என்று சொன்னபோது அப்பா விசிறியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏண்டா, ரம்பத்துக்குப் பல் தேய்ச்சு விடற உத்தியோகமா? யாராவது கேட்டா இன்ஜினியரிங்னு சொல்லி வை."

மரவாடிக்கு ஃபோர்மேன் டேனியல் சார். ராணுவத்துப் பட்டறையிலிருந்து வந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரண நாளில் என்னைக் 'கஸ்தூரி' என்பார். கோபம் வந்தால் 'மிஸ்டர் கஸ்தூரி'. மிகவும் கோபம் வந்தால் 'சார்'. என்னை அவர் 'சார்' என்று அழைத்த நாட்களில் நான் மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். நான் கூர்போட்ட பல் எதுவானாலும் அவருடைய இடது கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுப்பார். பல் நகத்தைக் கவ்வினால் கூர், வழுக்கினால் மழுங்கல். வருஷக்கணக்காக இப்படிச் சோதித்து அந்த நகம் உழுதுபோட்ட கொல்லைபோல் இருக்கும்.

மரவாடியின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. பெரிய அடிமரத்தைப் பள்ளத்தின் குறுக்கே போட்டு, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று நீள ரம்பத்தை இழுத்துப் பலகை அறுப்பார்கள். மேலே நிற்பவருக்குக் காற்று உண்டு. கீழே நிற்பவருக்கு மரத்தூள் உண்டு. முனுசாமி பல வருஷம் கீழாள். அண்ணாந்து பார்த்துத்தான் இழுக்க வேண்டும் என்பதால் தூள் நேராகக் கண்ணில் விழும். அவன் கண்ணிமைகள் எப்போதும் சிவந்து தடித்திருக்கும். நேராக நின்று பேசும்போதும் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே பேசுவான். புதிதாகப் பார்ப்பவர்கள் அவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்கள்.

ஏதோ ஒரு பெரிய காண்டிராக்ட்காரர் கடையை மூடியபோது எங்கள் முதலாளி ஏலத்தில் ஒரு சங்கிலி ரம்பத்தை எடுத்து வந்தார். சீமைச் சரக்கு. கிளப்பினால் கோயில் யானைக்கு மதம் பிடித்த மாதிரி சத்தம். அதை ஓட்ட முனுசாமியைப் போட்டார்கள். பள்ளத்திலிருந்து ஏறி வந்தவன் அந்த இயந்திரத்தைக் கைக்குழந்தைபோல் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

ரம்பத்தோடு வந்த பெட்டியில் இரண்டு தினுசுச் சங்கிலிகள், தினுசுக்கு இரண்டாக, இருந்தன. ஒன்று எங்களுக்குப் புரிந்தது. ரம்பப் பல் என்பது ஒரு வீட்டின் மூலை மாதிரி. மேலே கூரை, பக்கத்தில் சுவர். இந்தச் சங்கிலியில் கூரையும் சுவரும் சேரும் இடம் உட்புறமாக வளைந்திருக்கும். அந்த வளைவில் உருண்டை அரத்தை வைத்தால், இடுப்பில் குழந்தை உட்கார்வதுபோல் தானே உட்கார்ந்துகொள்ளும். உள்ளேயிருந்து வெளியே பார்த்துத் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். என்னைப் போன்றவர்களுக்காகவே கடவுள் கண்டுபிடித்த முறை.

இரண்டாவது தினுசில் வளைவே இல்லை. கூரையும் சுவரும் கத்தி வெட்டியதுபோல் ஒரு மூலையில் சந்தித்தன. புதுச் சங்கிலியை மாட்டி முனுசாமி ஒரு மாமரத்தில் வைத்தான். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. மரத்தூள் தூளாக விழவில்லை. அவல் அவலாகப் பறந்தது.

"ஐரே! இத்த பாருபா! ரம்பமாடா இது, புயலு!" என்று கத்தினான். நாங்கள் ஐயங்கார் என்று பலமுறை விளக்கிப் பார்த்தேன். "சரி ஐரே, இனிமே அப்டியே கூப்டறேன் ஐரே" என்பான்.

புயல் மறுநாளே மழுங்கியது. நான் வழக்கம்போல் உருண்டை அரத்தைப் போட்டேன். மூலை வளைவாயிற்று, ஆனால் முழு வளைவும் இல்லை. சதுரமும் போய் உருண்டையும் வராமல், நாமம் போட்டுவிட்டு விபூதியும் பூசியவன் மாதிரி நின்றது. மரத்தில் வைத்தால் குதித்தது. டேனியல் சார் நகத்தில் இழுத்துப் பார்த்தார்.

"மிஸ்டர் கஸ்தூரி, இதுக்கு ஏத்த அரம் எங்க?"

ஏத்த அரம் ஆபீஸ் ஜன்னலில் இருந்தது. பட்டைபட்டையாக, ஓரங்கள் கூம்பி, எதற்கென்றே தெரியாத ஓர் அரம் பெட்டியோடு வந்திருந்தது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க நான்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். சற்றுத் துரு ஏறியிருந்தாலும் பல் நன்றாகவே இருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோதனைக்காலம். அந்த அரத்தின் ஓரத்தைப் பல்லின் மூலையில் மிகச் சரியாக நிறுத்த வேண்டும். மயிரிழை மேலே ஏறினால் கூரையைத் தின்னும். மயிரிழை கீழே இறங்கினால் சுவரைத் தின்னும். இரண்டிலும் மூலை போய்விடும், மூலைதான் மரத்தை வெட்டுவது. மேல் சாய்வு, பக்கச் சாய்வு, கைப்பிடியை இறக்கிப் பிடிக்கும் சாய்வு மூன்றையும் ஒரே தள்ளலில் காப்பாற்ற வேண்டும். இதில் வெளியேயிருந்து உள்ளே பார்த்துத் தள்ளினால்தான் எனக்கு வசப்பட்டது. உருண்டைக்குப் பழகிய கை ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் போய் நின்றது. ஒரு பக்கத்துப் பற்களை முடித்து மறுபக்கம் திரும்பினால், இடது கைக்கு ஐ.டி.ஐ.யே நடக்கவில்லை என்பது தெரிந்தது.

ஒரு நல்ல காரியம் செய்தேன். பெட்டியில் உதிரியாகக் கிடந்த புதுப் பல் ஒன்றை எடுத்து, சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் வைஸுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் பதித்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பல்லையும் அராவி முடித்து அதைப் பார்ப்பேன். அதுவும் என்னைப் பார்க்கும். பெரும்பாலும் அதுதான் ஜெயித்தது. ரயிலில் புத்தகம் படிப்பதை விட்டு, ஜன்னல் கம்பியில் விரலால் சாய்வு போட்டுப் பழகினேன். எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா இடம் மாறிக்கொண்டார்.

டேனியல் சார் உருண்டைக் கட்சி. "இது மரவாடி கஸ்தூரி, நகைக்கடை இல்ல. உருண்டையில போடு, சாகாம ஓடும்" என்பார். நான் சதுரக் கட்சி. அவருக்கும் சதுரம் தெரியாது, எனக்கும் தெரியாது என்பதால் வாதம் சமமாக நடந்தது. ஒருநாள் நான் அராவிய பல் அவர் நகத்தில் கவ்வி நின்றது. அவர் நகத்தை ஊதிவிட்டு அடுத்த பல்லை எடுத்தார். அதுவும் கவ்வியது. அன்று நான் தயிர்சாதத்தை முழுவதும் சாப்பிட்டேன்.

அந்த மகிழ்ச்சி முடிவதற்குள் சென்னையிலிருந்து மானேஜர் வந்து இறங்கினார். ஏற்றுமதிக்குப் போகும் ஓர் இயந்திரத்துக்குப் பெரிய பெட்டி செய்ய வேண்டும். பொதட்டூர்பேட்டைப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் மாமரங்கள் வந்து கிடந்தன. அவற்றைக் குட்டையாகத் துண்டு போட்டுக் கொடுத்தால் பொன்னேரி மில்லில் பலகையாக அறுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வரும்.

"அதுக்குள்ள இந்த மெஷின் அறுத்துக் குடுத்தா மெஷின் இருக்கும்" என்றார் மானேஜர். "இல்லேன்னா இதை வித்துட்டுப் பழையபடி பள்ளத்துல ஆள் விட்டு அறுங்க. பெட்ரோலாவது மிச்சம்."

முனுசாமி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். மானேஜர் போனபிறகு என்னிடம் வந்தான்.

"ஐரே, மறுபடி பள்ளத்துல எறங்க சொன்னா என்னால ஆவாதுபா. ராவுல கண்ண மூடினா மணலு வெச்சு தேச்சா மாரி கீது. டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? இன்னும் கொஞ்ச நாளு கீழ நின்னா கண்ணே பூடும்ன்னாரு."

கூட இருந்தவர்களை எப்போதும் கிண்டல் செய்துகொண்டிருப்பவன் அதைக் கிண்டலில்லாமல் சொன்னான்.

கணக்கு எளிது. உருண்டைச் சங்கிலி சாகாமல் ஓடும், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காது. சதுரம் முடிக்கும், சாகாமல் இருந்தால். வியாழக்கிழமை காலையில் நான் கூர்போட்ட சதுரச் சங்கிலியை மாட்டினோம். முதல் வெட்டில் அவல் பறந்தது. இரண்டாவது வெட்டில் பாதி வரை அவல், அப்புறம் குருணை, அப்புறம் புட்டு மாவு. முனுசாமி நிறுத்தினான். டேனியல் சார் குனிந்து அந்த மாவை உள்ளங்கையில் அள்ளி என் முன்னால் நீட்டினார்.

"சார்," என்றார்.

நான் பல்லைப் பார்த்தேன். மூலைகளெல்லாம் மழுங்கிப் பளபளத்தன. மரத்தைப் பார்த்தேன். கடலோர மண் அது. கால் வைத்தால் மணல். லாரியிலிருந்து உருட்டித் தள்ளி, சங்கிலி கட்டி மணலில் இழுத்துத்தான் எப்போதும் அடுக்குவார்கள். தடித்த மாம்பட்டையின் வெடிப்பெல்லாம் மணல். உருண்டைப் பல் மணலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மூலைப்பல் அப்படியில்லை, எங்கள் சித்தப்பா மாதிரி, ஆசாரம் அதிகம். ஒரு கை மணல் பட்டால் அன்றைக்கு வேலை செய்யாது.

பட்டை உரிக்கிற வேலை நாகம்மாக்காவின் கோஷ்டிக்கு. ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். ஆறேழு பெண்களை வைத்துக்கொண்டு மரவாடியை அதட்டி ஆள்பவர். துண்டு போட்ட பிறகு பட்டையை உரித்து விறகாகத் தலையில் தூக்கிப் போவது அவர்களுடைய பாத்தியதை. வெட்டுவதற்கு முன்பே உரித்துத் தர முடியுமா என்று கேட்கப் போனேன்.

"இன்னா நைனா, வெயில்ல மூளை கலங்கிச்சா?" என்றார். "முழு மரத்துல உரிச்சா அடிப்பக்கத்த யாரு பொரட்டுவா, உங்க ஃபோர்மேனா? துண்டு துண்டாயிருந்தா உருட்டி உருட்டி உரிப்போம். அதான் வழக்கம்."

"மணல் பல்லைத் தின்னுடுது அக்கா. நாளைக்கு முடியலேன்னா முனுசாமி பள்ளத்துக்குப் போயிடுவான்."

அவர் முனுசாமி இருந்த பக்கம் ஒருதரம் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"எங்க வெட்டப்போற?"

"சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கோம்."

"அப்ப கோட்டாண்ட மட்டும் எடுத்துத் தரேன். கைக்கு வளையலு மாரி சுத்தி ஒரு ஜாண். முழுசா எல்லாம் ஒண்ணியும் முடியாது."

கோடு இருந்த இடத்தில் மட்டும் வளையம்! ரம்பம் பட்டையைத் தொடப்போவது அங்கே மட்டும்தானே. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதை அவர் தயக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"சும்மா இல்ல நைனா. எங்க கொடுவா எல்லாம் மொண்ணையா கீது. சாணை புடிக்கிறவன் இந்தப் பக்கமே வர்றதில்ல. சனிக்கெழம சனிக்கெழம நீ அரம் போட்டுத் தரணும். டப்பு, துட்டு எல்லாம் கேக்கக் கூடாது."

ஒப்பந்தம் முடிந்தது. நான் சதுரச் சங்கிலிகள் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு அராவ ஆரம்பித்தேன். அன்று புதுப் பல்லை நான் அதிகம் பார்க்கவில்லை. கை தானாகவே மூலையைத் தேடிப் போய் உட்கார்ந்தது. பயம் நல்ல வாத்தியார் என்று சொல்வார்கள். எனக்கு வாய்த்ததில் அதுதான் சிறந்த வாத்தியார்.

வெள்ளிக்கிழமை காலையில் மரவாடி கல்யாண வீடுபோல் ஆயிற்று. பெண்கள் முன்னே போய்க் கோடு இருந்த இடமெல்லாம் பட்டையைச் சீவி, குடத்துத் தண்ணீரைச் சாய்த்துத் துடைப்பத்தால் தேய்த்தார்கள். கறுத்த மரங்களில் வெள்ளை வெள்ளையாக வளையல்கள். முனுசாமி பின்னாலேயே வந்தான். மரங்களை முன்னதாகவே கடப்பாரையால் நெம்பி அடியில் கட்டை கொடுத்திருந்ததால், பெண்களின் கை அடிப்பக்கத்துக்கும் போயிற்று, ரம்பமும் மணலைத் தொடவில்லை. ஒரு சங்கிலி களைத்தால் மற்றதை மாட்டுவான். களைத்தது என் வைஸுக்கு வரும். டேனியல் சார் நகத்தில் இழுப்பார், தலையசைப்பார், கொண்டுபோவார். மாலைக்குள் அந்த நகத்தில் புதிய உழவு ஒன்று நடந்திருந்தது.

"ஏய் முனுசாமி, மெதுவா போடா! எங்க கையி உன் மிஷினு மாரி ஓடுமா?" என்று நாகம்மாக்கா கத்துவார்.

"நீ வளையலு போட்டுகினே இரு அக்கா, நான் தாலி கட்டிகினே வரேன்!" என்பான் இவன். பெண்கள் துடைப்பத்தை ஓங்குவார்கள்.

கடைசி மரத்துக்கு வந்தபோது லாரி கேட்டில் நுழைந்துவிட்டது. முன் சீட்டிலிருந்து மானேஜர் இறங்கினார். முனுசாமி ரம்பத்தை வைத்தான். பாதியில் ஓர் அலறல், தீப்பொறி. மரத்துக்குள்ளே பழைய ஊஞ்சல் கொக்கி! எந்தக் காலத்துக் குழந்தைகளோ ஆடிவிட்டுப் போக, மரம் அதை விழுங்கி மேலே தோல் மூடி வைத்திருந்தது. சங்கிலியில் ஒரு பக்கத்து மூலைகள் அத்தனையும் சிதைந்துவிட்டன. இன்னொரு சங்கிலி களைத்துப்போய் என் வைஸில் இருந்தது. அதைச் சதுரமாக அராவி முடிப்பதற்குள் லாரி ஆந்திராவே போய்விடும்.

நான் அரத்தோடு நின்றேன். மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முனுசாமி பள்ளத்தின் பக்கம் பார்த்தான்.

டேனியல் சார் தன் காக்கி கால்சட்டைப் பையில் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். உருண்டைச் சங்கிலி. காலையிலேயே தன் கையால் அராவி வைத்திருக்கிறார்.

"உன் சதுரத்துமேல நம்பிக்கை இருந்தது கஸ்தூரி," என்றார். "மரத்துமேலதான் இல்ல."

கொக்கிக்கு ஒரு முழம் தள்ளிப் புதிதாக ஒரு வளையல் போட்டார் நாகம்மாக்கா. உருண்டைப் பல் அவசரப்படவில்லை. வெற்றிலை மெல்லுகிற கிழவர்போல் மென்றது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, லாரிக்காரர் மட்டும் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பீடி முடிகிற சமயத்தில் துண்டு 'தொம்' என்று விழுந்தது. மானேஜர் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஏத்துங்க," என்றார். மானேஜர்கள் பாராட்டும் மொழி அது.

அன்றிலிருந்து எங்கள் மரவாடியில் இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஆட்சி நடத்தின. கழுவிய மரத்துக்குச் சதுரம். கழுவாததற்கும் சந்தேகப்பட்டதற்கும் உருண்டை. மரங்களை மணலில் இழுப்பது நின்று, கட்டைமேல் உருட்டுவது வழக்கமாயிற்று. சனிக்கிழமைகளில் நான் வேலை முடிந்து கொடுவாள்களுக்கு அரம் போட்டேன். நாகம்மாக்கா ஒவ்வொன்றையும் வாங்கித் தன் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தார். யாரிடம் கற்றார் என்று நான் கேட்கவில்லை.

திருநின்றவூர் மரத்துக்கும் சங்கத்தார் கடைசியில் ஒரு வளையல் போட்டார்கள். நான் உருண்டை அரம் போட்டுக் கொடுத்தேன். தெரு திறந்துவிட்டது. செயலாளர் இப்போது உருண்டைக் கட்சி.

பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த லோடும் நேரத்துக்குப் போனபிறகு, பள்ளத்தை மூடிவிடும்படி மானேஜர் சொல்லியனுப்பினார். எங்களிடம் ஏராளமாக இருந்தது மரத்தூள்தான். எல்லோரும் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டினோம். முக்கால்வாசி அவல், கொஞ்சம் புட்டு மாவு. மேலே மண் போட்டு மிதித்தோம். மறுநாள் காலையில் நான் ரயிலிறங்கிப் போனபோது, முனுசாமி சரியாக அந்த இடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா முனுசாமி, வேற எடமே கெடைக்கலியா?" என்றேன், அவன் பாஷையில்.

அவன் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்க்காமல் நேராக என்னைப் பார்த்தான்.

"குந்து ஐரே. இங்க இம்மாம் காத்து வருதுன்னு எனுக்கு இன்னிக்குத்தான் தெரியும்."